சோதனை அம்சம்: யாரை எச்சரிப்பது, எப்போது எச்சரிப்பது?

நிலையான வெளியீடு என்று நம்பி நிறுவும் மென்பொருளிலும் இன்னும் முடிவாகாத அம்சங்கள் இருக்கும். நாலு பேர் பயன்படுத்திப் பார்க்காமல் எதுவும் முதிராது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் அதைப் பயனருக்குச் சொல்லும் விதத்தில் நிரல்மொழிகளுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மிகத் தாமதமாகச் சொன்னது பெர்ல். 2007 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் ஸ்மார்ட்மேட்ச் (இரண்டு மதிப்புகள் பொருந்துகின்றனவா என்று அவற்றின் வகையைப் பார்த்து ஒப்பிடும் வசதி) சேர்ந்தபோது, அது சோதனை முயற்சி என்ற முத்திரை இல்லை. நம்பி எழுதினார்கள். 2013-இல் 5.18 வந்ததும், ஒரு வரிகூட மாற்றாத நிரல்களில் 'இது சோதனை அம்சம்' என்ற எச்சரிக்கை வர ஆரம்பித்தது. அப்புறம் 5.42-இல் நீக்கிவிடுவோம் என்றார்கள். 2025-இல் அந்தப் பதிப்பு வந்தபோது நீக்கவில்லை. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள வழி மட்டும் தந்தார்கள். ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருப்பவரிடம் இப்படிப் பின்தேதியிட்டுச் சொல்வது நியாயமே இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட்.ஜேஎஸ் முதலிலேயே சொல்கிறது, ஆனால் ஆள் மாறிச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் வந்த 18-ஆம் பதிப்பில், இணையத்திலிருந்து தரவைக் கேட்டு வாங்கும் ஃபெட்ச் தானாகவே இயங்கும் நிலையில் இருந்தது. முதல்முறை அழைத்ததும் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) எச்சரிக்கை வந்தது. அந்த நிரலை எழுதியவர் பார்த்தால் சரி. அதைக் கட்டளைக் கருவியாக நிறுவிக்கொண்ட வேறொருவர் பார்த்து என்ன செய்ய முடியும்? ஃபெட்ச்சைத் தேர்ந்தெடுத்தது அவர் இல்லையே.

ரஸ்ட் கதவையே பூட்டிவிடுகிறது. நிலையான கம்பைலரில் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளில்) சோதனை அம்சத்தைக் கேட்டால் பிழைதான். தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பான நைட்லி கம்பைலருக்குப் போக வேண்டும். ரஸ்டில் இணையச் செயலிகள் எழுத உதவும் ராக்கெட் வெப் ஃப்ரேம்வொர்க் 0.5 பதிப்புக்கு முன்பு நைட்லி இல்லாமல் கம்பைல் ஆகவில்லை. ஒரே ஒரு அம்சத்துக்காக முழுக் கம்பைலரையும் மாற்றச் சொல்வது எனக்கு அதிகமாகத் தோன்றுகிறது.

என் ஓட்டு ஜாவாவுக்கு. முன்னோட்ட அம்சம் (சோதனை அம்சத்துக்கு ஜாவாவில் இதுதான் பெயர்) வேண்டுமென்றால் கம்பைல் செய்யும்போது ஒருமுறை, ஓட்டும்போது இன்னொருமுறை, இரண்டு இடத்திலும் கேட்டு வாங்க வேண்டும். கம்பைல் ஆன கிளாஸ் கோப்பிலேயே அந்தக் குறி பதிந்துவிடும். வேறு பதிப்பு ஜேடிகே (ஜாவாவை எழுதவும் ஓட்டவும் நிறுவும் கருவித் தொகுப்பு) அதை ஓட்ட மறுக்கும். எச்சரிக்கையை யாரும் படிக்காமல் விட்டாலும் கோப்பு தன் நிலையைத் தானே சொல்லிவிடும். உரைக்குள் மதிப்புகளைச் செருக உதவும் ஸ்ட்ரிங் டெம்ப்ளேட்டுகள் 21, 22 பதிப்புகளில் முன்னோட்டமாக வந்து 23-இல் விலக்கப்பட்டன. கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமே அதனால் நிரலைத் திருத்தும் வேலை வந்தது.

ஜாவாவிலும் ஒரு குறை உண்டு: ஒரு கொடியை (கட்டளையில் சேர்க்கும் விருப்பச் சொல்லை) போட்டால் எல்லா முன்னோட்ட அம்சங்களும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். இந்த விஷயத்தில் 5.18-க்குப் பிந்தைய பெர்ல்தான் முன்னே நிற்கிறது. அங்கே ஒவ்வொரு சோதனை அம்சத்துக்கும் தனி எச்சரிக்கைப் பெயர் உண்டு. 2014-இல் வந்த சிக்னேச்சர்ஸ் (சப்ரூட்டீன் வாங்கும் உள்ளீடுகளைத் தலைப்பிலேயே எழுதும் வசதி) அப்படித்தான் தனிப்பெயரோடு எச்சரித்து, 2022-இல் 5.36 பதிப்பில் நிலையான அம்சமானது. ஜாவா குழு இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.