பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போன் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வருவது என் வேலை. முதல் வீடு காலை 6 மணிக்கு. சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டைக் கண்டுபிடிக்க மேப், ட்யூபில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்ய ஆப், ஓடிபி, பணம் வந்ததா என்று பார்ப்பது, எல்லாமே ஒரே போனில்தான். பழைய போன் ஸ்கூட்டரில் மாட்டி வெயில் பட்டாலே சூடாகி நின்றுவிடும்.

புதுசுக்காக மூன்று வாரம் அலசினேன். மூன்று மாடல்களை நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மெகாபிக்சலைப் பற்றிக் கவலைப்படவில்லை, பார்கோடுக்கு ஆட்டோஃபோகஸ் சரியாக இருந்தால் போதும். பேட்டரி மூன்றிலும் 5000 எம்ஏஎச். ரேமிலும் (திறந்த ஆப்களைத் தாங்கிப் பிடிக்கும் நினைவகம்) ஸ்டோரேஜிலும்தான் வித்தியாசம். இஎம்எம்சி ஸ்டோரேஜைவிட யுஎஃப்எஸ் வேகமானது என்பதால், 8 ஜிபி ரேமும் யுஎஃப்எஸ்ஸும் இருந்த மாடலை முடிவு செய்தேன்.

மெட்ரோவில் மெஜஸ்டிக் போய் மாறி, சிக்பேட்டையில் இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடந்தேன். நான் போன கடைக்காரர் தமிழில் பேசினார். திருவண்ணாமலைப் பக்கமாம். எங்கள் அம்மா ஊரும் அந்தப் பக்கம்தான். மனசு இளகிவிட்டது. "அக்கா, நீங்க சொல்றது ஸ்டாக் இல்ல. இதுவும் அதே பேருதான், 4ஜி, 5ஜி அவ்வளவுதான் வித்தியாசம். 8 ஜிபி இருக்கு. 14,500 குடுங்க, உங்களுக்காக" என்றார். பெட்டி ஒட்டியபடிதான் இருந்தது. ஜிபேயில் அனுப்பினேன்.

பேர் ஒன்றாக இருப்பதாலேயே போனும் ஒன்றாகிவிடாது. ரெட்மி நோட் 12 என்ற பேரிலேயே 4ஜி போனில் ஸ்னாப்டிராகன் 685, 5ஜி போனில் ஸ்னாப்டிராகன் 4 ஜென் 1. உள்ளே இருக்கும் சிப்பே வேறு. நோட்டில் நான் எழுதி வைத்தது ஒன்று, கைக்கு வந்தது வேறு.

மறுநாளே தெரிந்தது. மேப்பிலிருந்து எங்கள் ஆப்புக்குத் திரும்பினால் பாதி நிரப்பிய விவரம் எல்லாம் போயிருக்கும். இந்திரா நகரில் ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பசியோடு கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் மூன்று தடவை முதலிலிருந்து டைப் செய்தேன். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அன்று மத்தியானம் செட்டிங்ஸில் 'அபவுட் போன்' திறந்து பார்த்தேன். ரேம் 4+4 என்று இருந்தது. நிஜ ரேம் 4 ஜிபிதான். மீதி 4 ஜிபி ஸ்டோரேஜிலிருந்து எடுத்துக் காட்டுகிற விர்ச்சுவல் ரேம். ஸ்டோரேஜ் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ரேம் வேகத்துக்குப் பக்கத்தில் வராது. அந்த இரண்டையும் கூட்டி 8 என்று சொல்வது ஏமாற்று, வேறு பேர் கிடையாது.

பத்தே நாளில் சார்ஜ் ஏறவில்லை. சர்வீஸ் சென்டரில் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்) போட்டுப் பார்த்த பெண், "மேடம், இதுக்கு வாரண்டி ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு" என்றாள். யாரோ பயன்படுத்திய போன், அல்லது கடையில் காட்சிக்கு வைத்த போன். பெட்டியைத் திரும்ப ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கடைக்குப் போனேன். "அக்கா" போய் "மேடம்" ஆகிவிட்டது. பில்லைக் கேட்டார். அவர் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, ஐஎம்இஐ எண் இல்லை. "பில் வேணும்னா 18 சதவீதம் கூடுதல் ஆகும்" என்று வாங்கும்போது சொன்னதை நம்பிவிட்டேன். பெட்டியில் போட்ட எம்ஆர்பி விலையிலேயே வரி சேர்ந்திருக்கும், பில் நம் உரிமை.

நீங்கள் கவுண்டரை விட்டு நகருமுன் பெட்டியை அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். *#06# அழுத்தினால் வரும் எண்ணும், பெட்டியில் உள்ள எண்ணும், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கே ஒய் எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த 15 இலக்க எண், இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். வாரண்டி தேதியைக் கம்பெனி இணையதளத்தில் அங்கேயே பாருங்கள். அவசரப்படுத்தும் கடையில் வாங்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அது நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். என் கையில் இருப்பது ஜிபே ரசீதும், சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட்டும், அந்தத் துண்டுச் சீட்டும்தான். அதே கடை வரிசையில் உங்களுக்கும் யாராவது எஸ்டிமேட் சீட்டு கொடுத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இங்கே சொல்லுங்கள். சேர்ந்தே போய்க் கேட்போம்.