குளிர்காற்று என்று விற்றார்கள், வண்டி குடித்தது கொதிகாற்று

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதை. கல்லாறு தாண்டி மூன்று கொண்டை ஊசி வளைவுகள் முடிந்திருந்தன. நான்காவதில் வண்டி இழுக்கவில்லை. இரண்டாம் கியர், ஆக்சிலரேட்டர் தரையோடு கிடக்கிறது, வண்டியோ சேற்றில் படுத்த எருமை எழுவதுபோல் எழுகிறது. பின்னால் ஓர் அரசு பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. “என்னங்க, மூன்று மாதம் முன்பு ஏதோ புதிதாக மாட்டினீர்களே, அதன் வேலையா இது?” என்று மனைவி கேட்டாள். பின் இருக்கையில் அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

அதன் வேலைதான். வண்டிக்கு ‘கோல்ட் ஏர் இன்டேக்’, அதாவது எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக் கொடுப்பதாகச் சொல்லும் குழாயும் ஃபில்டரும், மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக என்னைப்போல் சின்ன டீசல் வண்டி வைத்திருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வண்டி 2015 ஸ்விஃப்ட் டீசல். 1.3 லிட்டர், 75 குதிரைத்திறன். 190 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். அதற்குக் கீழே, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ தூங்கும், மேலே போனால் திடீரென்று பாயும். ஓட்டியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குணம் இது, பழுதே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்து ஸ்கூட்டர் முந்திப்போவதைப் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கிப்போய், கோவையில் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் மாட்டி அலங்காரம் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியை விரலால் தட்டிக் காட்டினார். “இதைப் பாருங்கள் அண்ணா, கம்பெனிக்காரன் எஞ்சினின் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறான். மூக்கை அடைத்துக்கொண்டு உங்களால் ஓட முடியுமா?” செல்பேசியில் ஒரு டைனோ வரைபடத்தை (வண்டியின் திறனை அளக்கும் எந்திரம் தருவது) காட்டினார். இரண்டு கோடுகள், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே 12 குதிரை. அது எந்த வண்டியின் வரைபடம் என்று நான் கேட்கவே இல்லை. பெட்ரோல் வண்டியா, டீசலா, வேறு என்னென்ன மாற்றங்கள் செய்த வண்டி, எதுவும் கேட்கவில்லை. வெண்டைக்காய் வாங்கும்போதுகூட நுனியை ஒடித்துப் பார்க்கிறவன் நான்.

பொருள் 8,500 ரூபாய், மாட்டும் கூலி 1,500. பில் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. தனி என்றார். வேண்டாம் என்றேன். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் என் கழுத்தை இறுக்கியது அந்த ஒரு வார்த்தைதான்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி போய், பளபளவென்று அலுமினியக் குழாயும் அதன் நுனியில் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரும் வந்திருந்தன. பார்க்க அழகுதான். ஸ்டார்ட் செய்ததும் டர்போ காற்றை உறிஞ்சும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் உள்ளே வரை கேட்டது. அவிநாசி சாலையில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பிக்கப் கூடிவிட்டது என்று நானே சத்தியம் செய்தேன். உண்மையில் கூடியது சத்தம் மட்டுமே. காது சொன்னதைக் கால் நம்பியது, கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது, அவ்வளவுதான். அந்த மாதமே மைலேஜ் 20லிருந்து 18க்கு இறங்கியது. அதில் பாதிப் பழி என் வலது காலுக்கு.

மலையிலிருந்து எப்படியோ உருட்டி இறக்கி, பீளமேட்டில் எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பானட்டைத் திறந்தவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. கூம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். இட்லிக் கொப்பரை மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. “தம்பி, இதுவா குளிர்காற்று?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூம்பு நிற்பது பானட்டுக்குள்ளே, எஞ்சினின் தோளை உரசிக்கொண்டு. எஞ்சினும் டர்போவும் ரேடியேட்டரும் கக்கும் சூட்டைத்தான் அது இழுக்கிறது. கழற்றிப் போட்ட அசல் பெட்டிக்கோ முன்பக்கம் கிரில்லை நோக்கி ஒரு வாய் இருந்தது. வெளிக்காற்று நேரே அதில் நுழையும். பிளாஸ்டிக் சுவர் சூட்டைத் தடுக்கும். அதாவது கம்பெனி கொடுத்ததே குளிர்காற்று இன்டேக்தான். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பத்தாயிரமும் கொடுத்து, வெந்நீர் அடுப்பின் புகைபோக்கியை வாங்கி வந்திருக்கிறேன்.

மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகினார். வெளியே 33 டிகிரி. எஞ்சின் ஓட வண்டி நகராமல் பத்து நிமிடம் நின்றதும் உள்ளே போகும் காற்று 61 டிகிரி காட்டியது. பின்னாளில் அசல் பெட்டியை மாட்டி அதே இடத்தில் அதேபோல் நிறுத்திப் பார்த்தோம்: 41. இருபது டிகிரி வித்தியாசம். இந்த வெப்பநிலையில் காற்று மூன்று டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய ஒரு சதவீதம் குறையும். ஆக, ஒவ்வொரு மூச்சிலும் ஆறேழு சதவீதக் காற்றைச் சூட்டுக்கே காவு கொடுத்திருக்கிறேன். வண்டி வேகமாக ஓடும்போது இந்த வித்தியாசம் குறையும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நகர நெரிசலிலும் மலை ஏற்றத்திலும்தானே எனக்குப் பிக்கப் வேண்டியிருந்தது?

ஸ்கேனரில் வந்த பிழை எண் பி0101. காற்றோட்டத்தை அளக்கும் சென்சாரின் கணக்கு பொருந்தவில்லை என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடைக்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் ஒரு சென்சார் இருக்கிறது. அதனுள்ளே நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு மெல்லிய தகடு, மின்சாரத்தால் சூடாக்கப்பட்டிருக்கும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கிறது. எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு அசல் குழாயின் விட்டத்துக்காகப் போடப்பட்டது. என் அலுமினியக் குழாயை வெர்னியரில் அளந்தோம், ஆறு மில்லிமீட்டர் அதிகம். பரப்பளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அகன்ற வாய்க்காலில் அதே தண்ணீர் மெதுவாகப் போவதுபோல் காற்றும் மெதுவாகப் போகும். சென்சார் ‘காற்று குறைவு’ என்று பொய் சொல்லும். புகை தள்ளக்கூடாதே என்று கம்ப்யூட்டர் டீசலைக் குறைக்கும். இருந்த 75 குதிரையில் சிலவற்றை நானே காசு கொடுத்துக் கொட்டிலில் கட்டிவிட்டேன்.

போதாததற்கு, கூம்பு ஃபில்டர் எண்ணெய் தடவிய பருத்தி வலை. எண்ணெய்க்குத்தான் அந்தச் சிவப்பு நிறம். அளவோடு தடவ வேண்டிய அதை, கடைப் பையன் பரோட்டா மாவுக்கு ஊற்றுவதுபோல் ஊற்றியிருந்தான். மிச்ச எண்ணெய் காற்றோடு போய் சென்சார் தகட்டில் படிந்து, அதன்மேல் தூசி ஒட்டியிருந்தது. சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது, தகடு இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு பிசுக்கு தெரிந்தது. சென்சார் உட்காரும் பிளாஸ்டிக் தளத்தையும் அசல் குழாயிலிருந்து அறுத்தெடுத்து, எம்-சீல் வைத்து அலுமினியத்தில் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் விரிசல். அந்த விரிசல் வழியாக ஃபில்டரைப் பார்க்காத காற்று நேரே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

குழாயைக் கழற்றி, டர்போ பக்கத்து நுனிக்குள் விரலை விட்டுச் சுற்றி எடுத்தேன். விரல் நுனியில் செம்மண். நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, அதில் பாதி அன்னூர் பக்கம் சாலை வேலை நடக்கும் வழியில். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இதழ்களின் மேல் அந்த மண் போய் அடித்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் டார்ச் அடித்து இதழ்களைப் பார்த்தார். முனைகள் இன்னும் தேயவில்லை என்று அவர் சொல்லும்வரை நான் மூச்சு விடவில்லை. டர்போ போயிருந்தால் செலவு ஐந்து இலக்கத்தில் நின்றிருக்கும்.

பொருளும் போலி என்று அட்டைப்பெட்டியை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிநாட்டு கம்பெனியின் பெயர் பெரிதாக, சரியாக இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலக் குறிப்பில் ‘ஃபில்டர்’ என்ற சொல்லே இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. எந்த வண்டிக்கான பாகம் என்ற எண் எங்கும் இல்லை. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று மட்டும் இருந்தது. எல்லோருக்கும் பொருந்தும் செருப்பு என்று ஒன்று உண்டா?

மறுநாள் கடைக்குப் போனேன். அதே பேச்சுக்காரர், ஆனால் இப்போது ‘அண்ணா’ போய் ‘சார்’ ஆகிவிட்டது. சூடு பிரச்சினை என்றதும் சற்றும் தயங்காமல் அடுத்த வியாபாரத்தை ஆரம்பித்தார். “குழாயை நீட்டி, ஃபில்டரைக் கீழே ஃபாக் லைட்டுக்குப் பின்னால் இறக்கிவிடலாம் சார். அங்கே சுத்தமான குளிர்காற்று. நாலாயிரம்தான்.” சூட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். உண்மையான குளிர்காற்று இன்டேக் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஃபில்டர் அங்கே இறங்கினால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில்தான் இருக்கும். வேளச்சேரியில் இருக்கும் என் மைத்துனரின் பக்கத்து வீட்டுக்காரர் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தேங்கிய தண்ணீருக்குள் வண்டியை ஓட்டினார். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்தது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்தது. அவருடைய வண்டியில் இன்டேக் அசல் உயரத்திலேயே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. தண்ணீரை இழுத்துக் கெட்ட எஞ்சினுக்குச் சாதாரண காப்பீட்டில் பொதுவாகப் பணம் வராது, எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை வேண்டும். அதை வைத்திருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் கண்டால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். புதிய வண்டியாக இருந்தால் கம்பெனி வாரன்டியோடும் இதே வழக்கு வரும்.

பணம் திருப்பிக் கேட்டேன். ‘மாட்டிய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்று சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். என் பழைய ஏர் ஃபில்டர் பெட்டியையாவது கொடுங்கள் என்றேன். “அதையெல்லாம் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போய்விட்டான் சார்.” பிளாஸ்டிக் பெட்டியை இரும்புக்காரன் எதற்கு எடுத்துப்போனான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைசியில் மைத்துனர்தான் சென்னை புதுப்பேட்டையில் அரை நாள் அலைந்து, அதே மாடல் வண்டியில் கழற்றிய பெட்டியையும் குழாயையும் 2,800 ரூபாய்க்கு வாங்கி பஸ் பார்சலில் அனுப்பினார். சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் தகட்டைக் கழுவியதில் அது பிழைத்துக்கொண்டது. புது காகித ஃபில்டர் முந்நூற்றுச் சொச்சம். மெக்கானிக் கூலி 1,200. மாட்டி முடித்த அன்றே எஞ்சின் விளக்கு அணைந்தது. 2,000 சுற்றுக்குக் கீழே வண்டி வழக்கம்போல் தூங்குகிறது. இப்போது அந்தத் தூக்கம் எனக்குத் தொந்தரவாக இல்லை.

இன்டேக்கே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற மாற்றங்களோடு சேர்த்து, சூட்டுத் தடுப்புப் பெட்டியோடு, அந்த மாடலுக்கென்றே செய்த பொருளை மாட்டி, கம்ப்யூட்டர் கணக்கையும் திருத்திப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றுமே மாற்றாத சின்ன டீசல் வண்டியில், எவ்வளவு டீசல் ஊற்ற வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் இடத்தில், வெறும் கூம்பு 12 குதிரை தரும் என்று யாராவது சொன்னால், உங்கள் வண்டியிலேயே முன்னும் பின்னும் டைனோவில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். தூசியை எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 சோதனை முடிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். என் கடைக்காரரிடம் பின்னர் அதைக் கேட்டபோது, அது டயருக்கு வரும் சான்றிதழ் என்றார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லையே என்றுதான் முதல் கேள்வி வந்தது. யுபிஐயில் பணம் அனுப்பிய ரசீது, விலை பேசிய வாட்ஸாப் உரையாடல், அட்டைப்பெட்டியின் படம் மூன்றையும் கொடுத்தேன். சமரசம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியாகவே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. கடைக்காரர் நேற்று முதல்முறையாக அவராகவே அழைத்தார். பாதிப் பணம் தருகிறாராம், கூம்பைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். அடுத்தவர் வண்டியில் மாட்டத்தான் கேட்கிறார் என்பது தெரிந்ததால், அது பரணிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.