‘மேக்பெத்’ வாங்குவதென்றால் ஃபோல்ஜர் பதிப்பை வாங்குங்கள்

ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் ‘மேக்பெத்’ பேப்பர்பேக்கை இரண்டாம் முறை முடித்த கையோடு எழுதுகிறேன். வலப்பக்கம் நாடகம், இடப்பக்கம் கடினமான சொற்களுக்குப் பொருள். அவ்வளவுதான் அமைப்பு, ஆனால் இந்த நாடகத்துக்கு அதுதான் வேண்டும்.

முதலில் நான் வாங்கியது வேறொரு பதிப்பு; மூலத்துக்கு எதிரே இன்றைய எளிய ஆங்கிலத்தில் முழு வசனமும் இருக்கும். அரசரைக் கொன்று அரியணையைப் பிடிக்கும் தளபதி மேக்பெத்தின் கதை சுலபமாகப் புரிந்தது, ஏமாற்று எங்கே நடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. டங்கன் அரசர் அன்றிரவு தங்கள் கோட்டையில் தங்க வருகிறார் என்றதும் மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத், வருகிறவருக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்தாக வேண்டும் என்கிறாள். ‘வரட்டும், நல்லா கவனிச்சுடலாம்’ என்று நாம் சொல்வோமே, அதேதான்: விருந்தும் அதற்குள் இருக்கிறது, கொலையும் இருக்கிறது. அந்தப் பதிப்பில் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியது. ஃபோல்ஜரில் மூலத்தை விட்டு விலகாமலே வாசிப்பதால் இரண்டும் சேர்ந்து காதில் விழுகின்றன.

மேடைக் குறிப்புகளையும் தாண்டிப் போகாதீர்கள். முதல் அங்கம், நான்காம் காட்சி. துரோகம் செய்த காடர் பிரபுவுக்கு மரண தண்டனை நிறைவேறிவிட்டது. முகத்தைப் பார்த்து மனதை அறியும் வித்தை எதுவும் இல்லை, அவனை முழுதாக நம்பியிருந்தேனே என்று டங்கன் வருந்துகிறார். அந்த வரி முடியும் இடத்தில் மேக்பெத் உள்ளே வருகிறான், அதுவும் அந்தத் துரோகியின் பட்டத்தையே வாங்கிக்கொண்டு! இரண்டு காட்சி தள்ளி அதே டங்கன் மேக்பெத்தின் கோட்டை முன் நின்று இங்கே காற்று எவ்வளவு இதமாக இருக்கிறது என்கிறார், உடன் வந்த தளபதி பாங்க்வோ சுவரில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைக் காட்டுகிறான். எனக்கு நாடகத்திலேயே மிகவும் பயமாக இருப்பது ரத்தம் சிந்தும் இடங்கள் அல்ல, இந்த அமைதியான இடம்தான்.

வாயிற்காவலன் உளறும் காட்சிக்கு மட்டும் கொஞ்சம் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். 1605இல் இங்கிலாந்து அரசரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த வெடிமருந்துச் சதிக்குப் பிறகு, 1606இல் ஹென்றி கார்னெட் என்ற பாதிரியாரை விசாரித்தபோது இரட்டைப் பொருளில் பேசித் தப்புவது பெரிய பேச்சாக இருந்தது. அதைத்தான் அவன் குத்திக்காட்டுகிறான் என்பார்கள்.

ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும், முதல் வாசிப்பில் அதைப் பார்க்காதீர்கள். அப்புறம், நாடகம் மட்டும் போதும் என்றால் நூலகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முதல் அங்கத்தை அங்கே வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.