மாணவக் குறும்படம்: ஓசு வழியா, பாலு மகேந்திரா வழியா?

பத்து நிமிடக் கதை, இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரே கேமரா. கேமராவைத் தாழ்வாக, அசையாமல் வைத்துப் படமெடுத்த ஜப்பானிய இயக்குநர் ஓசுவையா, இயற்கை வெளிச்சத்தில் படமெடுத்த நம் இயக்குநர், ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திராவையா, யாரைப் பின்பற்றுவது என்று குழம்பும் தம்பி, தங்கைகளுக்காக இது.

கருவி: ஓசுவுக்கு 50 எம்.எம். லென்சும் தாழ்வான ஸ்டாண்டும் போதும். பாலு மகேந்திரா வழிக்கு ஒரு தெர்மகோல் அட்டை. ஜன்னல் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிட.

நேரம்: ஓசு பாணியில் ஒரு பிரேம் அமைக்கவே ஒரு மணி நேரம் போகும். ஆனால் கேமராவைத் தரைப்பக்கம் இறக்கிப் பாருங்கள். வாசலில் கிடக்கும் செருப்பும் சுவர்க் காலண்டரும் கதை சொல்ல ஆரம்பிக்கும். இயற்கை வெளிச்சமோ காத்திருக்காது. காலை ஏழு மணிக்குச் சுவரில் விழுந்த வெயில் ஒன்பதுக்குத் தரைக்கு இறங்கிவிடும். அப்புறம் ஷாட்டுகள் ஒட்டாது.

நடிப்பு: ஓசுவின் அசையாத பிரேமில் தடுமாற்றத்தை மறைக்க முடியாது.

ஒலி: இரண்டு வழிக்கும் கேமராவில் உள்ள மைக் போதாது, தனி மைக் வேண்டும்.

வீட்டுக்குள் இருவர் பேசும் கதை, ஒத்திகைக்கும் நாள் இருக்கிறது என்றால் ஓசு. தெரு, திண்ணை, புதுமுகங்கள் என்றால் பாலு மகேந்திரா. முதல் படத்துக்கு நான் பாலு மகேந்திரா வழியையே சொல்வேன். சரி, முந்தின நாளே போய் எந்த ஜன்னலில் எப்போது வெயில் வருகிறது என்று குறித்து வையுங்கள்.