மச்சினனுக்காக வாங்கிய 70 மி.மீ. டெலஸ்கோப்

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்று போட்டிருக்கும். அதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். 70 மி.மீ. லென்ஸ் தாங்குவது அதிகபட்சம் 140 மடங்கு. கூட வரும் 4 மி.மீ. ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்) 3 மடங்கு பார்லோவையும் (பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) சேர்த்து மாட்டினால் கணக்குக்கு 525 வரும், கண்ணுக்கு வருவது கலங்கலான சாம்பல் வட்டம். வேலைக்கு ஆவது 25 மி.மீ. ஐபீஸ்தான். அதில் 28 மடங்கு, நிலா முழுசாகவும் கூர்மையாகவும் தெரிகிறது. 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தேன். ஆன்லைனில் பல பெயர்களில் விற்கும் சரக்கு இது, எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் வாங்கிய காரணம் வேறு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் என் மனைவியின் தம்பி, பூமி தட்டை என்று நம்புகிறவன். நாசா படம் காட்டினால் "கிராஃபிக்ஸ் அத்தான்" என்பான். சரி, உன் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துப் பேசுவோம் என்று ஒப்பந்தம் போட்டோம். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே இன்னமும் நினைக்கிறேன்.

குழாயும் லென்ஸும் இந்த விலைக்குப் பரவாயில்லை. முக்காலிதான் தலைவலி. ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா கூத்தாடும், அடங்கச் சில நொடிகள் ஆகும். கால்களை நீட்டாமல் குட்டையாகவே வைத்து, நடுவில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் குறையும். உச்சி வானத்தைப் பார்க்கவே முடியாது. குழாய் முக்காலியின் காலில் இடிக்கிறது.

பெட்டியில் ஐபீஸில் திருகும் ஒரு கறுப்புக் கண்ணாடி 'சன் ஃபில்டர்' என்று இருந்தால், அதை உடனே குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவித்த மொத்தச் சூடும் அதன் மேல்தான் விழும், விரிசல் விட்டால் கண் போய்விடும். குழாயின் முன்பக்கம் முழுவதையும் மூடும் சோலார் ஃபில்டர் ஷீட்டைத் தனியாக வாங்கினேன். விலை குத்தத்தான் செய்தது. ஆனால் எங்கள் வழக்கில் முக்கியமான சாட்சி அதுதான்.

தட்டை பூமிக் கணக்கில் சூரியன் சுமார் 5,000 கி.மீ. உயரத்தில் தட்டுக்கு மேலே வட்டமடிக்கிறது. ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் இங்கே நிழலில்லா நாள் வரும், சூரியன் நட்டநடு உச்சிக்கு வரும். அன்று நமக்கு அஸ்தமனம் ஆகும் நேரத்தில் அது ஆப்பிரிக்காவில் சியரா லியோன் பக்கம் தலைக்கு மேல் நிற்கும். தட்டை பூமிக்காரர்களின் வரைபடத்திலேயே அளந்தால் இங்கிருந்து 12,000 கி.மீ.க்கு மேல். அப்படியானால் மாலைச் சூரியன் காலை 11 மணிச் சூரியனில் பாதிகூட இருக்கக் கூடாது. அதுபோக, அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில் தொங்க வேண்டும், மறையவே வழியில்லை.

மொட்டை மாடியில் ஃபில்டரை மாட்டி, செல்போனை ஐபீஸில் கிளிப் போட்டு, ஜூமைத் தொடாமல் படம் எடுத்தோம். எடுத்தது அவன், அவனுடைய போனில். காலை 11 மணிப் படத்தில் ஸ்கேலை வைத்தான்: 38 மி.மீ. மாலை 5.45 படத்திலும் 38. ஸ்கேலைத் திருப்பி வைத்தும் பார்த்தான். (6 மணிக்கு அப்புறம் சூரியன் மேலும் கீழுமாக நசுங்கும், காற்று ஒளியை வளைப்பதால். அகலத்தை அளந்தால் அந்தத் தகராறு இல்லை.) "காத்து பூதக்கண்ணாடி மாதிரி பெரிசாக்குது அத்தான்" என்றான். எல்லா ஊரிலும், எல்லா நாளும், குறைந்த அளவை மில்லிமீட்டர் பிசகாமல் ஈடுகட்டும் பூதக்கண்ணாடியா என்று கேட்டேன். டீ குடிக்கப் போய்விட்டான்.

2025 செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணம் இந்த டெலஸ்கோப்புக்கு நல்ல தீனி. முழு மறைப்பு மட்டுமே 82 நிமிடம். நிலாவின் மேல் ஏறிய நிழலின் ஓரம் வளைந்தே இருந்தது. "தட்டுக்கும் வட்ட நிழல்தானே?" என்றான். நல்ல கேள்வி. நடுராத்திரி கிரகணத்துக்கு அது பொருந்தும். 2018 ஜனவரி 31 அன்று இங்கே நிலா கிரகணத்தோடே உதித்தது. அப்போது சூரிய ஒளி தட்டின் விளிம்பில் பக்கவாட்டில்தான் பட்டிருக்கும், நிழல் கோடாக விழுந்திருக்க வேண்டும். அன்றும் விழுந்தது வட்டம்தான்.

இரண்டு விஷயத்துக்கு இந்தச் சாமான் உதவாது. ஒன்று, நிலா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. டெலஸ்கோப்பில் ஒளியைத் திருப்பும் 90 டிகிரி கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும், மச்சினன் அதைக் கப்பென்று பிடித்துக்கொள்வான். அதனால் ஒரு அரைநிலா நாளில் மெல்போர்னில் இருக்கும் என் தங்கையை வீடியோ காலில் பிடித்தோம். இங்கே வெயில் சாயும் நேரம், தெற்கு நோக்கி நின்றால் வெளிச்சப் பாதி வலது பக்கம். அங்கே இரவு 10 மணி, வடமேற்கில் அதே நிலா, வெளிச்சம் இடது பக்கம், அவள் உருண்டையின் தெற்குப் பாதியில் நிற்பதால். இரண்டாவது, துருவ நட்சத்திரத்தின் உயரம். அதற்குப் பாகைமானியும் நூலில் கட்டிய ஒரு நட்டும் போதும். ஊருக்கு வெளியே உப்பளப் பக்கம் போனால் வடக்கு அடிவானம் துப்புரவாகத் தெரியும், அங்கே 9 டிகிரி. வேலையாக டெல்லி போனவன் அங்கிருந்து அளந்து அனுப்பியது 28, உருண்டைக் கணக்கில் வர வேண்டியபடியே.

துறைமுகத்துக் கப்பலின் அடிப்பாகம் மறைவதைக் காட்டலாம் என்று வாங்குகிறவர்களுக்கு: வேண்டாம். பகல் சூட்டில் கடல் மேல் காற்று கானல் காட்டும், வாதம் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

2024 டிசம்பரில் தட்டை பூமிக்காரர்கள் சிலரை அன்டார்டிகாவின் யூனியன் கிளேசியர் முகாமுக்கே அழைத்துப் போய், அவர்கள் கணக்கில் நடக்கவே முடியாத ஒன்றை, 24 மணி நேரமும் மறையாத சூரியனைக் காட்டினார்கள். அவர்களில் பிரபலமான ஒருவர் கேமரா முன்னாலேயே ஒப்புக்கொண்டார். "காசு வாங்கிட்டார்" என்கிறான் மச்சினன். ஆனால் டெலஸ்கோப் இப்போது அவன் வீட்டில்தான் இருக்கிறது. 70 மடங்கில் சனியின் வளையத்தை, 2025-ஐ ஒட்டி அது ஊசி போல மெலிந்து தெரிந்தாலும், பிள்ளைகளுக்குக் காட்டுகிறான்.

வாங்குவதானால் முதலில் ஃபில்டர் ஷீட், செல்போன் கிளிப் இரண்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் டெலஸ்கோப் பாருங்கள். '525' போடாத பெட்டி கிடைத்தால் இன்னும் நல்லது.