டைபீரியஸ் வெள்ளிக்காசு என்று 14,500 ரூபாய் போச்சு, பழங்காசு வாங்குகிறவர்கள் பார்த்து

14,500 ரூபாய். சிலருக்கு இது ஒரு ராத்திரி ஹோட்டல் பில். எனக்கு ஒரு வருஷத்துக்குப் பழங்காசுக்கென்று மாசாமாசம் ஒதுக்குகிற பணம். அதை மொத்தமாக ஒரே ஆளுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குத் தகரமும் ஈயமும் கலந்த ஒரு வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இன்று காலையில்தான் அந்த விற்பனைத் தளத்திலிருந்து "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. யார் முடித்தார்கள், எப்படி முடித்தார்கள், ஒன்றும் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரோமானியக் காசு சேர்ப்பது பணக்காரர் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனும் அவர் மகன்களும் ஆண்ட 4ஆம் நூற்றாண்டில் அடித்த சின்னச் செப்புக்காசுகள் உலகம் முழுக்க ஏராளமாகக் கிடைக்கின்றன, ஓரளவு எழுத்து தெரிகிற காசு ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் முடிந்துவிடும். கொடிக்கம்பத்துக்கு இரண்டு பக்கமும் நிற்கும் வீரர்கள், குதிரையோடு சாய்ந்தவனை ஈட்டியால் குத்தும் வீரன், ஓநாயிடம் பால் குடிக்கும் ரோமுலஸ், ரீமஸ், இப்படி நாலைந்து வகை. அடியில் நாணயச்சாலைக் குறி இருக்கும். அதை லென்ஸில் பார்த்து இது அந்தியோக்கியா, இது அலெக்சாந்திரியா, இது இன்றைக்கு குரோஷியாவில் இருக்கிற சிஸ்கியா என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். வீட்டில் திட்டு விழும், அது வேறு விஷயம்.

ஆனால் கொங்குப் பக்கத்துக்காரனுக்கு டினாரியஸ் என்கிற ரோமானிய வெள்ளிக்காசு மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். கரூர் அமராவதி ஆற்றிலும் கோவை வட்டாரத்துப் புதையல்களிலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி ரோமின் முதல் இரண்டு பேரரசர்களான அகஸ்டஸும் டைபீரியஸும் அடித்தவை. டைபீரியஸ் காசில் ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் நாற்காலியில் செங்கோலோடு உட்கார்ந்திருக்கும் பெண், அவருடைய அம்மா லிவியா என்பார்கள். பைபிளில் "இராயனுடையதை இராயனுக்கும்" என்று சொல்லும் இடத்தில் இயேசு கேட்டு வாங்கிப் பார்த்த காசு இதுதான் என்று பொதுவாகச் சொல்வதால் விலையும் கூட. வெளிநாட்டு ஏலத்தில் நல்ல நிலையில் இருப்பது இருபது, முப்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதை 14,500க்குத் தருகிறேன் என்றார் அந்த ஆள். பழம்பொருளும் பழங்காசும் தனியாட்கள் விற்கிற ஒரு செயலி, கூடவே ஒரு அரட்டைக் குழு, அதில் ராத்திரி ஏலம். பெயர் சொல்லவில்லை, இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு எந்த மாதிரி இடம் என்று புரியும். விலை படு மலிவாக இருந்திருந்தால் அப்போதே விலகியிருப்பேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே என்கிற இந்தக் கணக்கில்தான் அவர்கள் கெட்டி.

நம்பிக்கை எங்கே வந்தது என்று சொல்கிறேன், எல்லாரும் ஏமாறுகிற இடம் அதுதான். நான் முதலில் கேட்டது வேறு காசு, ஒரு அகஸ்டஸ். போனில் அவரே, "அது வேணாங்க தம்பி, எனக்கே கொஞ்சம் சந்தேகமா இருக்குது, தெரிஞ்சே உங்க தலையில கட்டுனா நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிப்பேன்" என்றார். விற்கிறவனே வேண்டாம் என்றால் யார் நம்ப மாட்டார்கள்? அப்புறம் மெதுவாக இந்த டைபீரியஸைப் பற்றிப் பேச்செடுத்தார். மாமனார் சேர்த்தது, கரூரில் ஆற்று மணல் அள்ளியபோது கிடைத்தது, பணமுடை, இல்லாவிட்டால் விற்க மாட்டேன். என் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி காசுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பினார். போலி என்று நிரூபித்தால் எப்போது வேண்டுமானாலும் பணம் திரும்ப என்று எழுத்தில் கொடுத்தார். 14,500 ரூபாயை அன்றைக்கே அனுப்பினேன்.

பார்சலில் லேமினேட் செய்த ஒரு சான்றிதழ், மினுமினுக்கும் ஸ்டிக்கர், "டைபீரியஸ், கி.மு. 14–37" என்று அச்சு. அவர் ஆண்டது கி.பி.! அதைக்கூடச் சரியாக அடிக்கத் தெரியாதவன்தான் அசல் என்று சான்று கொடுக்கிறான்.

காசு கைக்கு வழவழவென்று இருந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் அரம் போட்ட தடம். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டால் 2.9 கிராம். இந்தக் காசு 3.7 கிராம் பக்கம் வரவேண்டும். தேய்ந்தால் குறையும், சரி, ஆனால் மூக்கும் காதும் கூர்மையாக இருக்கிற காசில் முக்கால் கிராம் எங்கே தேயும்? அதே கடையில், எந்தெந்த உலோகம் எவ்வளவு என்று காட்டும் கேரட் மீட்டரில் வைத்தார்கள், பெரும்பகுதி தகரம், ஈயம், மேலே வெள்ளிப் பூச்சு. பேரரசர் நீரோ கி.பி. 64இல் வெள்ளியைக் குறைப்பதற்கு முந்தைய டினாரியஸ் கிட்டத்தட்ட சுத்த வெள்ளி. அசல் காலத்திலேயே முலாம் பூசிய கள்ளக்காசுகள் உண்டு, ஆனால் அவற்றின் உள்ளே பெரும்பாலும் செம்பு இருக்கும்.

போன் செய்தேன். முதல் நாள் "தம்பி, நகைக்கடைக்காரனுக்கு ரோமானியக் காசு தெரியுமா?" அடுத்து, "மண்ணுல ரெண்டாயிரம் வருஷம் கிடந்தா எடை இறங்கத்தான் செய்யும்." அப்புறம் ஊரில் துக்கம். அப்புறம் எங்கள் நிபுணர் வெளியூரில். பார்சல் பிரித்தபோது வீடியோ எடுத்தீர்களா, கொரியரில் மாற்றியிருப்பார்கள். தம்பி சார் ஆகிவிட்டது. இதற்குள் செயலியில் திருப்பி அனுப்பும் கெடு முடிந்தது, இழுத்தடித்ததே அதற்குத்தான். செயலிக்காரர்களிடம் போனால், "விற்பனையாளர் சான்றிதழ் வழங்கியுள்ளார், கெடு முடிந்துவிட்டது." கேரட் மீட்டர் அறிக்கையை அனுப்பினால், "இது அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் அறிக்கை அல்ல." எந்த ஆய்வகத்தை அங்கீகரித்திருக்கிறீர்கள் என்று கேட்டேன், அதற்கு இன்றுவரை பதில் கிடையாது.

கடைசியாக அந்த ஆள் சொன்னதுதான் உச்சம். "போலீசுக்குப் போறீங்களா, போங்க. ஆத்துல எடுத்த காசு வாங்குனீங்கன்னு உங்களையும் சேர்த்துத்தான் விசாரிப்பாங்க." மண்ணில் கிடைக்கிற, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 முதல் சட்டம் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கரூர் மணல் கதை. வாங்கும்போது ஆசை காட்டவும் அதுதான், ஏமாந்த பிறகு வாயை அடைக்கவும் அதேதான். குழுவில் இன்னும் எத்தனை பேர் இந்தப் பயத்தில் பேசாமல் இருக்கிறார்களோ. அடேய், நீ விற்றது நேற்று வார்த்த தகரம், அதற்கு ஏதுடா புதையல் சட்டம்? 1930 என்கிற சைபர் மோசடிப் புகார் எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். 14,500 திரும்புமா தெரியாது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்னால் தராசில் வைத்த படமும் விளிம்பின் படமும் கேளுங்கள். அமெரிக்க நாணயவியல் சங்கம் ரோமப் பேரரசுக் காசுகளின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, எடையை அதோடு ஒப்பிடுங்கள். ஆற்றில் கிடைத்தது, வயலில் கிடைத்தது என்றால் அந்த நிமிஷமே போனை வையுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கெடு முடிவதற்குள் செயலியிலேயே புகாரைப் பதியுங்கள், போனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

அதே மாதிரி இன்னொரு காசு இப்போது வேறொரு கணக்கில் விற்பனைக்கு வந்திருக்கிறது. என்னிடம் இருப்பதில் உள்ள அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன: டைபீரியஸ் காதுக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு, கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் விளிம்பு வெடிப்பு, தலை இடது பக்கம் தள்ளியிருக்கும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுக்கு உருவம் ஒத்துப்போகலாம், வெட்டும் வெடிப்பும் ஒத்துப்போகாது, ஒரே வார்ப்பில் ஊற்றினால்தான் இப்படி வரும். விலை 16,000 போட்டிருக்கிறார்கள். இதே காசை வாங்கியவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுப்போம், பணம் அனுப்பிய ரசீதையும் அரட்டையையும் அழித்துவிடாதீர்கள்.