தலைமடையில் வெள்ளம், கடைமடையில் வறட்சி: 2026 சென்னை அணி

பாபநாசத்தில் விதைக் கடை வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை தம்பியும் நானும் கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடும் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வருவோம். ரயில், டிக்கெட், சாப்பாடு என்று கணக்குப் பார்த்தால் கணிசமான செலவு. அதனால் இந்த முறை ஐ.பி.எல். வீரர்களுக்கான டிசம்பர் ஏலம் முடிந்ததும், மூட்டையைப் பிரித்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பதுபோல அணியைப் பார்த்தேன்.

போன சீசனின், அதாவது 2025-இன், வேதனை இன்னும் ஆறவில்லை. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, பத்தாவது இடம். சென்னை கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் முறை. சேப்பாக்கத்தில் மும்பையை வென்றதோடு சரி, அடுத்த ஐந்து ஆட்டங்களும் தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடி 103 ரன் எடுத்த இரவில் நோய் எதுவென்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. தொடக்க ஓவர்களில் துணிந்து அடிக்க ஆள் இல்லை.

அதற்கு மருந்து கிடைத்துவிட்டது. ராஜஸ்தான் அணியிலிருந்து மட்டையாளர் சஞ்சு சாம்சன் வந்திருக்கிறார். அணித்தலைவர் ருதுராஜ் முழங்கை முறிந்து விலகியபோது இடையில் வந்த ஆயுஷ் மாத்ரே, 17 வயதில் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தவர். பிரெவிஸ் ஆறே ஆட்டங்களில் 225 ரன் சேர்த்தார். இவர்களோடு ருதுராஜும் சிவம் துபேயும். ஐந்து பெயர்களையும் வரிசையாக எழுதிப் பார்த்தேன், மனம் நிறைந்தது. இப்படிப்பட்ட மேல்வரிசை சில ஆண்டுகளாகவே நமக்கு இல்லை.

ஆனால் சாம்சனுக்குக் கொடுத்த விலை ஜடேஜா. சாம் கரனும் அவருடன் ராஜஸ்தானுக்குப் போனார். கரன் போனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜடேஜா போனதுதான் நெஞ்சில் நிற்கிறது. நான் எங்கள் ஊர் அணிக்கு இடக்கைச் சுழல் வீசியவன். ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடி, குடமுருட்டி ஆறு வறண்டதும் மணலில் களிமண் கொட்டி, நீர் தெளித்து, கட்டையால் அடித்துப் பிட்ச் போடுவோம். அங்கே பந்து வீசிப் பழகியவனுக்குத்தான் ஜடேஜாவின் அருமை முழுதாகத் தெரியும். சேப்பாக்கத்தில் பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். சில எட்டு வைத்து ஓடி வருவார், தாழ்வாகப் போகும் பந்து, ஆறு முறையும் ஏறக்குறைய ஒரே இடம். மட்டையாளர் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பார். ஓர் ஓவர் முடிய வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகாது.

2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் வேண்டியிருந்தபோது சிக்ஸரும் பவுண்டரியும் அடித்தாரே, அன்று நள்ளிரவு தாண்டியும் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பரில் செய்தி வந்ததும், "அந்தப் பிள்ளையை ஏன்டா அனுப்பினார்கள்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அந்த இடத்தை நிரப்பப் பிரசாந்த் வீர் என்ற இளம் இடக்கைச் சுழல் ஆல்ரவுண்டரை 14.20 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள். அதே விலைக்குக் கார்த்திக் சர்மா என்ற இளம் விக்கெட் கீப்பர். இருவருக்கும் ஏலம் தொடங்கிய அடிப்படை விலை 30 லட்சம். திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கடைக்கு வந்து புது ரகம் கேட்பவரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு மா நிலத்தில் போட்டுப் பாருங்கள், விளைந்தால் அடுத்த போகத்தில் ஒரு வேலி நிலம் முழுக்கப் போடலாம். முதல் ஆட்டத்திலிருந்தே ஜடேஜாவின் பாரம் முழுவதையும் வீரின் தோளில் ஏற்றினால் அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

சுழலில் வேறு பயமில்லை. போன சீசனில் 24 விக்கெட் எடுத்த நூர் அகமது இருக்கிறார். 5.20 கோடிக்கு ராகுல் சாஹர் வந்திருக்கிறார். 2 கோடிக்கு வந்த அகீல் ஹொசைன்தான் என் பார்வையில் இந்த ஏலத்தின் சிறந்த கொள்முதல். புதுப் பந்தில் சுழல் வீசிப் பழகியவர், சேப்பாக்கத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துவார்.

குறை, கடைசி நான்கு ஓவரில். அந்த ஓவர்களை வீசிவந்த வேகப்பந்து வீச்சாளர் பதிரனாவை விட்டுவிட்டார்கள், கொல்கத்தா 18 கோடி கொடுத்து எடுத்துக்கொண்டது. வேகப்பந்து வீச்சாளர்கள் கலீலும் கம்போஜும் தொடக்கத்தில் நன்றாக வீசுவார்கள். முடிவில் அவர்களை நம்பி இருக்கையில் நிம்மதியாகச் சாய முடியாது. ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வர்தான். பிரெவிஸ், நூர், அகீல் போக மிஞ்சுவது ஓர் இடம். அதற்கு எல்லிஸ், ஓவர்டன், ஹென்றி என வேகப்பந்து வீசும் மூவர் போட்டி. என்னைக் கேட்டால் எல்லிஸ். மெதுவாக விடும் பந்துகள் அவரிடம் நிறைய உண்டு. அவருக்கு ஒரு காயம் பட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது.

தோனி ஆடும் நாள்களில் ஆறாம், ஏழாம் இடங்களில் இறங்க வேண்டும். போன ஆண்டு பெங்களூருக்கு எதிராக ஒன்பதாவதாக வந்ததைப் பார்த்து மனம் வலித்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். டிக்கெட் எடுக்கலாம். ராஜஸ்தான் சேப்பாக்கத்துக்கு வந்தால் அந்த ஆட்டத்துக்கே போவோம் என்று தம்பியிடம் சொன்னேன். அம்மாவும் வருகிறாராம். மூன்று டிக்கெட்.